தாழ்ப்பாள் இல்லாத வீடு

அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. குளியலறைக்குள் போகிறவர் பாட்டுப் பாட வேண்டும். பாட்டு கேட்டால் யாரும் கதவைத் தள்ளமாட்டார்கள். இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் வீட்டுக்காரர், கப்பல் சமையல்காரர்.

ஹோட்டலில் தட்டு கழுவி, கப்பலில் வெங்காயம் உரித்து, தலைமைச் சமையல்காரராக உயர்ந்தவர். கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்த அன்று, அடுப்பு வெக்கை தாங்காமல் சமையலறைக் கதவைக் கொக்கி மாட்டித் திறந்தே வைத்திருந்ததால் பிழைத்தார். பிழைத்தவர் மேல்தளத்துக்கு ஓடவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் திரும்பிப் போய், இறைச்சிக் கத்தியால் நெம்பி இரண்டு அறைகளைத் திறந்து ஆட்களை வெளியே இழுத்தார். அடுத்த அறைக்குள் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுபவர். கதவு நிலை வளைந்து தாழ்ப்பாள் இறுகிவிட்டது. கத்தி முறியும்வரை நெம்பினார். அந்தக் கதவு திறக்கவேயில்லை; மற்றவர்கள்தான் சமையல்காரரை மேலே இழுத்துக்கொண்டு போனார்கள்.

வீடு திரும்பியதும் திருப்புளியை எடுத்து எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றினார். மனைவி ஏன் என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தார். மாலையானால் மனிதர் வீட்டில் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் மெல்ல ஆரம்பித்தார்.

"கப்பல்ல மறுபடி கூப்பிடறாங்க. போகட்டுமா?"

"கேன்டீன் கசக்குதா?"

"அங்க யாரு சாப்பிடறாங்கன்னே தெரியல. கப்பல்னா உப்பு தூக்கல்னு திட்டவாவது நாலு பேர் இருப்பாங்க."

"திட்டுதான் வேணும்னா நான் இல்லையா?"

அவர் சிரித்தார். ஆனால் பேச்சை விடவில்லை. கடைசியில் அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"சரி, குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடறேன். உள்ள தாழ் போட்டுக் குளிச்சிட்டு வாங்க. அப்புறம் தாராளமாப் போங்க."

அவரால் முடியாது என்ற தைரியத்தில்தான் சொன்னாள்.

மறுநாள் தச்சர் வந்து தாழ்ப்பாள் பொருத்திவிட்டுப் போனார். சமையல்காரர் துண்டும் சோப்புமாக உள்ளே போனார். தாழ் விழும் சத்தம் கேட்டது. அடுத்த நொடியே கதவு திறந்தது. முகமெல்லாம் வியர்வை.

"சோப்பு மறந்துட்டேன்."

சோப்பு கையில் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. அவரே குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே போய் மறுபடி தாழ் போட்டார்.

சத்தமே இல்லை. அவள் கதவருகே போய் நின்றாள். தள்ளக் கை பரபரத்தது. அப்போது பாட்டு வந்தது. நடுங்கி, வரி தவறி. பின்னாலேயே தண்ணீர் ஊற்றும் ஓசை.

"தாழ் போட்டாச்சே, இன்னும் எதுக்குப்பா பாட்டு?" என்று மூடிய கதவைப் பார்த்துக் கேட்டாள், அங்கே வந்த மகள்.

"நீ சும்மா இரு," என்று மகளை அடக்கினாள் மனைவி. அவரைச் சோதித்தது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது.

தலை சொட்டச் சொட்ட அவர் வந்தபோது அவருடைய பயணப் பெட்டியை அவள் திறந்து வைத்திருந்தாள்.

"சட்டை எத்தனை வைக்கட்டும்?" என்றாள், நிமிராமல். "கப்பல் சமையலறைக் கதவுல கொக்கி இருக்கான்னு பாத்துட்டு ஏறுங்க."