பாலத்தடியில் செத்தவனின் பெயர்

அட்ராக்டா கில்டே யாரையும் லேசில் நம்பமாட்டாள். கசாப்புக் கடையில் கறித்துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். பாதிரியார் நலம் விசாரித்தால், இவருக்கு நம்மிடம் என்ன வேண்டியிருக்கிறது என்று யோசிப்பாள். அவளுக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்கும் இந்தக் குணம்தான் காரணம் என்று அயர்லாந்தின் நாக்பிராக் ஊரில் சொல்வார்கள். இளவயதில் பெண் கேட்டு வந்த ஒருவனிடம், "உன்னை யாரு அனுப்புனா?" என்று கேட்டாளாம்.

குணம் சும்மா வந்துவிடவில்லை. அவள் பிறப்பதற்குச் சில வருஷம் முன்னால், இங்கிலீஷ்காரர்களோடு சண்டை நடந்த காலத்தில், அவளுடைய சித்தப்பாவை ஏரிப் பாலத்தடியில் சுட்டுப்போட்டு, கழுத்தில் 'ஆள்காட்டி' என்று அட்டை மாட்டிவிட்டுப் போனார்கள். சுட்டது இங்கிலீஷ்காரன் அல்ல, அவனை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்த ஊர்ப் பையன்கள். அவர்கள் ஒளிந்திருந்த இடத்தைப் பட்டாளத்துக்குச் சொல்லிவிட்டான் என்று குற்றம். அதன் பிறகு தேவாலயத்தில் கில்டே குடும்பம் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. திட்டவில்லை, கல்லெறியவில்லை. இவர்கள் வந்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். அப்பா சாகும்வரை தம்பியின் பெயரை வாயில் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி காதில் ஊதித்தான் அட்ராக்டாவுக்கே விஷயம் தெரியவந்தது.

கோடை வந்தால் நாக்பிராக்கில் வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். அயர்லாந்து வரலாறும் இலக்கியமும் படிக்க, ஊர் மண்டபத்தில் அவர்களுக்கு வகுப்பு. வீட்டுக்கு இரண்டு பேராகத் தங்கவைப்பது வழக்கம். எண்பத்தாறாம் வருஷம் மற்ற வீடுகளெல்லாம் நிரம்பிவிட்டதால், மிஞ்சிய ஒருத்திக்காகப் பாதிரியார் வேறு வழியில்லாமல் அட்ராக்டாவின் கதவைத் தட்டினார். அப்படி வந்து சேர்ந்தவள்தான் மார்லிஸ். அமெரிக்காவில் மினசோட்டாக்காரி, இருபது வயது.

வந்த முதல் நாளே அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். அட்ராக்டாவுக்குச் சுருக்கென்றது. காரியம் இல்லாமல் எவள் அடுத்த வீட்டுத் தட்டைக் கழுவுவாள்?

"உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானா?"

"எங்கம்மா திட்டுவாங்க, மிஸ் கில்டே. அந்தப் பழக்கம்தான்."

அந்தப் பதிலையும் அவள் நம்பவில்லை.

இரண்டாம் வாரத்தில் சந்தேகம் வேர் பிடித்தது. வகுப்பு முடிந்ததும் மார்லிஸ் நேரே வீட்டுக்கு வராமல் டெலியா ருவேனின் மளிகைக் கடைக்குப் போனாள். ஒருநாள் சர்க்கரை வாங்க அட்ராக்டா உள்ளே நுழைந்ததும் டெலியாவின் வாய் சட்டென்று மூடிக்கொண்டது. மார்லிஸ் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். மழையைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இல்லை, அது வழக்கம்போலப் பெய்துகொண்டிருந்தது.

மறுநாள் பின்மதியம் அட்ராக்டா சைக்கிளை எடுத்துக்கொண்டு தூரத்திலேயே பின்தொடர்ந்தாள். மார்லிஸ் ஏரிப் பாலத்துக்குப் போனாள். அங்கே கிழவர் மலக்கி டைக் காத்திருந்தார். அவர் கைத்தடியை நீட்டிப் பாலத்தடியில் ஓர் இடத்தைக் காட்டினார். எந்த இடம் என்று அட்ராக்டாவுக்குத் தெரியும். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே கடப்பாள்.

சாயங்காலம் பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் மேஜையில் ஆறிக்கொண்டிருந்தன.

"பாலத்துல என்னம்மா தேடுன?"

மார்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "கடைசி நாள் நாங்க ஒவ்வொருத்தரும் இந்த ஊர்ல நடந்த ஏதாவது ஒண்ணைப் பத்தி மண்டபத்துல பேசணும். நான் அந்தப் பாலத்தை எடுத்துக்கிட்டேன். அவர் உங்க சித்தப்பான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இன்னைக்குத்தான் மலக்கி சொன்னார்."

"பொய் சொல்லாதே. டெலியாவுக்குத் தெரியாததா?"

"கதையை எல்லாரும் சொன்னாங்க. பேரை மட்டும் யாரும் சொல்லலை. நான் கேட்டேன். 'அட்ராக்டா இந்த ஊர்ல இருக்கிறவரைக்கும் அந்தப் பேரை நாங்க வெளிய எடுக்கமாட்டோம்'னு இன்னைக்கு வர்ற வழியில டெலியா சொல்லிட்டாங்க."

அட்ராக்டா தட்டைத் தள்ளிவைத்தாள். இத்தனை வருஷமும் தன் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர் ஊரெல்லாம் உருள்கிறது என்றல்லவா நினைத்திருந்தாள்! அவர்கள் அதை மூடி வைத்திருக்கிறார்கள். இரக்கமா, இல்லை வாயில் வைக்கவும் கூசுகிறதா? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் பிடிபடவில்லை.

"வேற விஷயம் எடுத்துக்கறேன், மிஸ் கில்டே. வேணாம்னா விட்டுடறேன்."

"உன் இஷ்டம்," என்று எழுந்துபோனாள்.

கடைசி நாள் மண்டபத்தில் பின்வரிசையில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள் அட்ராக்டா. ஏதாவது ஏடாகூடமாக வந்தால் உடனே வெளியேறிவிடலாம். மார்லிஸ் எழுந்து பேசினாள். துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு இந்த வட்டாரத்தில் எத்தனையோ பாட்டு இருக்கிறது, சுடப்பட்டவர்களுக்கு ஒன்றுகூட இல்லையே, ஏன் என்று கேட்டாள். பாலத்தடியில் செத்தவனை 'ஓர் இளைஞன்' என்று மட்டும் சொன்னாள். அவளும் ஊரோடு சேர்ந்து பெயரை விழுங்கிவிட்டாள்.

அதுதான் அட்ராக்டாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டாள்.

"அவனுக்குப் பேர் இருக்கு. ஃபின்டன் கில்டே. எங்கப்பாவோட தம்பி." முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அவன் காட்டிக்கொடுத்தானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. எங்கப்பாவுக்கும் தெரியாது. தெரியாமலே மனசு அரிச்சு அரிச்சுச் செத்தார். உங்கள்ல யாருக்காவது தெரியுமா? தெரிஞ்சா என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

ஒருவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பிறகு மலக்கி டைக், உட்கார்ந்தபடியே, தரையைப் பார்த்துச் சொன்னார்:

"சுட்டவங்கள்ல எங்க அண்ணனும் ஒருத்தன், அட்ராக்டா. அப்புறம் பாஸ்டனுக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. கிளம்புற அன்னைக்கு அவன்கிட்ட நான் கேட்டேன். 'சொன்னாங்க, செஞ்சோம்'னான். அவனுக்கும் நிச்சயமாத் தெரியாது."

அட்ராக்டா உட்கார்ந்தாள். அழவில்லை. கோட்டுப் பித்தானை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் டெலியா வழிமறித்தாள்.

"கடைக்கு வாயேன், டீ குடிக்கலாம்."

"எதுக்கு?"

"டீ குடிக்கத்தான்டி! விஷம் வைக்கவா கூப்பிடறேன்?"

அட்ராக்டா ஒரு நிமிஷம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு போனாள்.

அந்த இலையுதிர்காலத்தில் கல்வெட்டுபவனை வரவழைத்துக் குடும்பக் கல்லறையில் அப்பாவின் பெயருக்குக் கீழே ஃபின்டனின் பெயரையும் வெட்டச் சொன்னாள். அவன் உளியைக் கையில் வைத்துக்கொண்டு, "வேற ஏதாவது வரி போடணுமா? தியாகின்னோ, குற்றமில்லாதவன்னோ?" என்று கேட்டான்.

"தெரிஞ்சதை மட்டும் போடு," என்றாள். பெயரும் வருஷமும் போதும் என்றாள். அவன் வெட்டி முடிக்கும்வரை தூறலில் நின்று ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.