திட்டாத வாசல்கள்

கதவு திறந்ததும் தையலக்கா தேர்தலைப் பற்றிப் பேசமாட்டாள். திறந்தவரின் தோளைத்தான் முதலில் பார்ப்பாள். "கையத் தூக்கு, பாப்போம். அக்குள்ல இழுக்குதா?" அவள் தைத்த சட்டையென்றால் ஒரு குறை சொல்வாள், வேறு யாரோ தைத்ததென்றால் குறைகளுக்குக் கணக்கில்லை. அதற்குப் பிறகுதான் பையிலிருந்து துண்டறிக்கை வெளியே வரும். "மறந்துடாதீங்க, நம்ம கட்சி." அவ்வளவுதான் பிரசாரம்.

உதட்டோரத்தில் எப்போதும் ஒரு குண்டூசி. பேசும்போதும் எடுப்பதில்லை. கழுத்தில் கிடக்கும் அளவு நாடாவோடு அப்படியே தெருவில் இறங்கிவிடுவாள். ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் அவள் ஓட்டுக் கேட்காத தேர்தல் கிடையாது. அங்கே சங்கம், கட்சி, ஆலை மூன்றும் ஒரே சொல்லாகப் புழங்கிய காலம் உண்டு. எதிர்க்கட்சிக்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஆலையை மூடினார்கள். திறப்போம் என்றது கட்சி. அடுத்த தேர்தலிலும் திறப்போம் என்றது. அதைச் சொல்லச் சொல்ல தையலக்காவுக்கே நாக்கு கூசியது. வாசலுக்கு வாசல் திட்டு வாங்கினாள். அதில் அவளுடைய அண்ணன்தான் மகா மோசம். ஆலையில் வேலை போனவர். துண்டறிக்கையை வாங்கி, அவள் கண்ணெதிரே கசக்கி எறிவார். "இதுல பசையத் தடவி உன் தலைவர் வாயிலயே ஒட்டச் சொல்லு!" வாக்குச்சாவடியில் முதல் ஆளாக நின்று அதே கட்சிக்குத்தான் போடுவார். திட்டுகிற வீடு நம்ம வீடு என்பது அவள் அனுபவத்தில் கற்றது.

அந்த வருஷம் யாருமே திட்டவில்லை. "வாங்கக்கா, வெயில்ல அலையறீங்களே" என்றார்கள். "யோசிச்சுப் போடறோம்" என்றார்கள். கடைசியாக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். துண்டறிக்கையை இரண்டு பக்கமும் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"என்னண்ணே, ஒண்ணுமே சொல்லல?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? காபி குடிச்சிட்டுப் போ."

அண்ணி சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். தெருமுனையில் நின்ற கிளைச் செயலாளரிடம், "போச்சு தம்பி" என்றாள்.

"எனக்கும் தெரியுதுக்கா. வெளிய சொல்லிடாதீங்க" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

தொகுதி பிறந்த நாளிலிருந்து தோற்காத கட்சி தோற்றது. மறுவாரம் அண்ணன் கிழிந்த சட்டை ஒன்றோடு வந்து மெஷின் அருகே உட்கார்ந்தார்.

"நான் எதிர்க்கட்சிக்குத்தான் போட்டேன்."

"தெரியும்ண்ணே."

"உன் மேல கோபமில்லம்மா. யார் மேலயும் இல்ல. திட்டினா திருந்துவாங்கன்னு ஒரு நம்பிக்கை இருந்தாத்தானே திட்ட முடியும்?"

அவள் கிழிசலைத் தைத்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

ஒரு தடவைக் கோபம், தணிந்துவிடும் என்று கட்சி தன்னைத் தேற்றிக்கொண்டது. அடுத்த தேர்தலில் தோல்வி இன்னும் பெரிதானபோது தேற்றவும் ஆளில்லை. கிளை அலுவலகம் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்தது. செயலாளரே அந்தப் பக்கம் தாவிவிட்டு, அவளையும் கூப்பிட வந்தார்.

"எல்லா வீட்லயும் ஒரு பேரச் சொல்லிட்டேன் தம்பி. அதே வாய்ல இன்னொண்ணு வராது."

இந்தத் தேர்தலுக்கும் கிளம்பியிருக்கிறாள், தன்னந்தனியாக. பழைய வீடுகளை இடித்து மாடிக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். லிஃப்ட் பாதி நாள் ஓடுவதில்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது. முதல் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணன்.

"உனக்கென்னண்ணே இங்க வேலை?"

"ஒரு வேலையுமில்ல. நீ உருண்டு விழுந்தா யாரு தூக்கறது?"

ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறாள். அவள் ஓட்டுக் கேட்டு முடிக்கும்வரை அவர் இரண்டு படி கீழே, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் ஏறி வந்து, அவள் முகத்தைப் பாராமலே, அடுத்த மாடிக்காக முழங்கையை நீட்டுகிறார்.