ஒரு வேளைக்கு எட்டு கிராம்

பெங்களூரில் ஹெப்பாள் போகும் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் இருந்தவர் மடியில் சின்ன எலக்ட்ரானிக் தராசும், கையில் ஒரு பாட்டில் மாங்காய்த் தொக்கும் வைத்திருந்தார். மீசை முழுக்க மிளகாய்ப் பொடி. தொக்கு ஏற்றுமதி செய்பவராம். ஒருவர் ஒரு வேளைக்கு எத்தனை கிராம் சாப்பிடுவார் என்று லேபிளில் போட வேண்டும் என்பது புது விதி. அது இல்லாததால் அவருடைய பெட்டிகள் துறைமுகத்திலேயே நிற்கின்றன. அதனால் பார்ப்பவர்களிடமெல்லாம் தராசுத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். என்னிடமும் நீட்டினார்.

"மேடம், சாப்பாட்டுக்கு எவ்ளோ போட்டுக்குவீங்களோ, ஸ்வல்ப, அவ்ளோ மட்டும் இதுல போடுங்க."

"என்னைக் கேளுங்க சார், பாட்டிலே போதாது!" என்றார் பக்கத்துப் பயணி.

"உங்களக் கேட்டா பெட்டி திரும்பி வந்துரும், சும்மா இருங்க!"

என் மடியிலிருந்த மகள் கையை நீட்ட, காரம் பட்டுவிடுமோ என்று பதறினேன். பஸ்ஸே என்னைப் பார்த்தது. கூச்சத்தில் அரை ஸ்பூன் வைத்தேன்.

"எட்டு கிராம்! கொழந்த வெச்சிருக்கறவங்க பொய் சொல்ல மாட்டாங்க," என்று எழுதிக்கொண்டார்.

வீட்டில் மகள் தூங்கியதும் நான் தொக்கைப் பாட்டிலோடு வைத்துத் தின்பவள். திருத்திச் சொல்வதற்குள் அவர் இறங்கிவிட்டார். எந்த ஊரிலோ யாரோ ஒருவர் லேபிளைப் படித்து, எட்டு கிராமோடு ஆசையை அடக்கிக்கொண்டு எழுந்துபோவதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.