காப்பியைக் குடிக்கச் சொல்ல வேண்டியவர்

முன்திர் ஜோர்டான் நாட்டின் ஸல்ட் நகரத்துக்காரர். தலைநகர் அம்மானில் ஒரு வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்டில் எண்ணெய் டப்பா அடுக்கியவர், மஸ்கட், காஸாபிளாங்கா, நைரோபி என்று மளமளவென்று ஏறி, பல நாட்டுக் கடைகளுக்கு ஒரே மேலதிகாரி ஆனார். எந்த ஊரில் எந்த ரொட்டி ஓடும், எது தேங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மகள் ருவைதாவுக்குப் பெட்டி பெட்டியாக அல்வா அனுப்புவார். அவள் இனிப்பை விட்டுப் பல வருடமாகிவிட்டதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நோன்பு மாதம் கடைக்காரர்களுக்கு அறுவடைக் காலம் அல்லவா? அதனால் பெருநாளைக்கு அவர் வீட்டில் இருந்ததே இல்லை. ஏதோ ஓர் ஊரில், கிடங்குக்குப் பின்னால், தனியாகப் பேரீச்சம்பழம் தின்று நோன்பு திறப்பார். அவராகத் தேடிக்கொண்ட பிழைப்புதான். ஆனாலும் பாவம்தான்.

ருவைதாவைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று சேதி போனதும் பறந்து வந்தார். அந்த ஊர் வழக்கப்படி, வருகிற பெரியவர் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் பெண் கேட்பார். பெண்ணின் தகப்பன் அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி, "குடியுங்கள், கொடுத்தோம்" என்பான். அந்த ஒரு வார்த்தையைத் தன் வாயால் சொல்லவேண்டும். முன்திருக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

"மாமாதான் பேசப்போறார்ப்பா," என்றாள் ருவைதா. மாமா அபூ ஸக்ர் அவளுடைய அம்மாவின் அண்ணன், பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர்.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். மாமா எதுக்கு?"

"என்னைப் பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போனது அவரு. ஆஸ்பத்திரியில கூடவே இருந்ததும் அவருதான். நீங்க பக்கத்துல உக்காருங்க, போதும்."

"ஆஸ்பத்திரியா? எப்போ?"

"அதெல்லாம் சரியாப் போச்சுப்பா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை கூடம் நிறைய ஆட்கள். பெரியவர் காப்பியைக் கீழே வைத்துப் பெண் கேட்டார். எல்லாரும் அபூ ஸக்ரைப் பார்த்தார்கள். அவரோ முன்திரின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க மச்சான். பெத்தவர் இருக்கையில நான் யாரு?"

கேட்டது கிடைத்துவிட்டது. முன்திர் தொண்டையைச் செருமிக்கொண்டார். என் மகள்... என்று தொடங்க வேண்டும். அதற்கு மேல் என்ன? அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பாள், ஆஸ்பத்திரியில் எதற்காகப் படுத்திருந்தாள்? ஒன்றும் தெரியவில்லை. ஊரே காத்திருந்தது. அவர் அபூ ஸக்ரின் பக்கம் திரும்பினார்.

"அவளை உங்களுக்குத்தான் தெரியும் மச்சான்," என்றார் மெதுவாக. "நீங்களே சொல்லுங்க."

அபூ ஸக்ர் அவர் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார். ருவைதாவின் பிடிவாதம், படிப்பு, வேனில் முன்சீட்டுக்குப் போட்ட சண்டை எல்லாம் வந்தன. கூடம் சிரித்தது. முன்திர் எல்லாவற்றையும் முதன்முறையாகக் கேட்டார்.

"குடிங்க. கொடுத்தோம்," என்றார் அபூ ஸக்ர்.

உள்ளேயிருந்து பெண்களின் குலவை எழுந்தது. மாப்பிள்ளை வீட்டாரோடு சேர்ந்து முன்திரும் தன் காப்பியை எடுத்துக் குடித்தார்.