ஞாயிறு போய்ச் செவ்வாயில் எடுத்த படம்

நடிப்பவர் வசனத்தை மறக்கும்போது கேமராச் சட்டத்துக்கு வெளியே நின்று மெல்ல எடுத்துக் கொடுப்பதும் ஒரு தொழில்தான். அதில் பேர் வாங்கியவர் யாருமில்லை.

என் காலத்தில் கல்லூரியில் இந்தி படித்தவள் அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள். ஓசூரில் குழந்தைகளுக்கு இந்தி சொல்லிக்கொடுத்தே அறுபதைத் தாண்டிவிட்டேன். அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஒரு இளம் டைரக்டர் மூன்று இந்திச் சிறுகதைகளோடு வந்தார். மூன்றையும் ஒரே பெண்ணின் வாழ்க்கையாக்கித் தமிழில் படம் எடுக்க வேண்டும். நான் வசனம் எழுதி, நடிப்பவர்களுக்குச் சொல்லியும் தர வேண்டும். நடிகர்கள் எல்லாரும் சிப்காட் தொழிலாளிகள். பிறர் எழுதியதைப் பிறர் வாயில் போட்டு அல்லல்பட்டவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

முதல் நிபந்தனை

கதாநாயகி ரத்னம்மா வேப்பனப்பள்ளிப் பக்கம். உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் ஏழு வருடமாகக் கான்ட்ராக்ட். நிரந்தரமாக்கப் போகிறவர்களின் லிஸ்ட் அந்த வருடம் வரும் என்று பேச்சிருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவள் டைரக்டரிடம் கேட்டது சம்பளத்தைப் பற்றி அல்ல.

“வார லீவுல மட்டுந்தான் வருவேன் சார். ஒரு நாள் மட்டம் போட்டாலும் லிஸ்ட்ல என் பேர் வராது. அப்புறம் உங்க படத்துல வேலை போற பொம்பளை கதைதான் எனக்கும்.”

ஒப்பாரி

கணவன் இறந்து கிடக்கும் காட்சி. கணவனாக நடித்தவர் முருகேசன்; திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவர். இரண்டு பக்கத்துக்கு ஒப்பாரி எழுதியிருந்தேன், எதுகை மோனையெல்லாம் பார்த்து. கதவுக்குப் பின்னால் நின்று முதல் அடியை எடுத்துக் கொடுத்தேன். ரத்னம்மா அதைச் சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது அடியில் அவளுக்கே தெரியாமல் தெலுங்குக்குப் போய்விட்டாள். அது அவள் வீட்டு மொழி. அவர்கள் வீட்டில் யாரும் தமிழில் அழுததில்லையாம்.

நான் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டேன். டைரக்டர் நிறுத்தவில்லை. முடிந்ததும் பிணம் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது.

“எனக்கு ஒரு எழவும் புரியல டீச்சர். ஆனா எந்திரிச்சு, ‘அழாத, நான் இங்கனதான் கெடக்கேன்’னு சொல்லிருவேனோன்னு பயந்துட்டேன்.”

மின்விசிறி

நடுவில் மின்வெட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை போய், கம்பெனிக்கு மின்சாரம் இல்லாத செவ்வாய்தான் வார விடுமுறை என்றாயிற்று. படப்பிடிப்பும் செவ்வாய்க்கு மாறியது. அன்று நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த வீட்டிலும் மின்சாரம் கிடையாது. ஞாயிறன்று பாதி எடுத்த காட்சியில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் அது அசையாமல் தொங்கினால் பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

முருகேசன் பெஞ்சு மேல் ஏறி ஒட்டடைக் கம்பால் விசிறியைத் தள்ளிவிட்டு, குதித்து வந்து புருஷனாக உட்கார்ந்துகொள்வார். அது நாலைந்து சுற்றுச் சுற்றி நிற்கும். அதற்குள் வசனம் முடிய வேண்டும். என் வசனமோ முடிவதாக இல்லை. ஒரு வரி வெட்டினேன், இன்னொரு வரி வெட்டினேன். கடைசியில் “சாப்டியா?” என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. அந்தக் காட்சிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ரத்னம்மா சமாதானம் சொன்னாள்.

“எங்க வூட்லயும் புருசன்கிட்ட அவ்ளோதாங்க டீச்சர் பேசுவோம்.”

கேட்

படத்தின் முடிவில் அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடுகிறது. கடைசி முறையாகக் கம்பெனி கேட்டைத் தாண்டி நடந்து வருகிறாள். கூட்டத்துக்கு ஆள் பிடிக்க வசதியில்லை. அதனால் ரத்னம்மா உண்மையாகவே ஷிப்ட் முடிந்து வரும்போது, எதிர் டீக்கடையிலிருந்து எடுப்பதென்று முடிவாயிற்று. கேமராவை மறுநாள் திருப்பித் தர வேண்டும். இரண்டாம் தடவை எடுக்க வழியில்லை.

நீலச் சட்டைகள் கும்பலாக வெளியே வந்தன. நடுவில் ரத்னம்மா. முகத்தைத் தொங்கப்போட்டு வர வேண்டியவள், உதட்டைக் கடித்துக்கொண்டு, அடக்க அடக்க அடங்காத ஒரு சிரிப்போடு வந்தாள். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சிருங்க டீச்சர். லிஸ்ட் ஒட்டிட்டாங்க. மூணாவது பேர் என்னுது.”

கேள்வி நேரம்

அந்தச் சிரிப்போடுதான் படம் முடிந்தது. பெங்களூரில் ஒரு சின்ன அரங்கில் திரையிட்டபோது, தாடி வைத்த ஒருவர் எழுந்து, எல்லாவற்றையும் இழந்த ஒரு பெண் உலகத்தைப் பார்த்துச் சிரிக்கும் அந்தச் சிரிப்பை வாழ்நாளில் மறக்க முடியாது என்று இந்தியில் சொல்லி, எதை நினைத்து அப்படிச் சிரித்தீர்கள் என்று ரத்னம்மாவைக் கேட்டார். நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவள் கூச்சத்தோடு எழுந்தாள்.

“அந்தம்மாவுக்கு வேலை போனதே எனக்கு மறந்துபோச்சுங்க சார். எனக்கு வேலை வந்திருச்சே!”

“ரொம்ப நன்றி என்கிறாள்” என்று நான் இந்தியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். மூன்று கதைகளின் துக்கத்தையும் சிந்தாமல் தமிழுக்குக் கொண்டுவந்தவளுக்கு ஒருத்தியின் சந்தோஷத்தை இந்திக்குக் கொண்டுபோகத்தான் தைரியம் வரவில்லை.