சவர்க்காரம் நிறுத்திய நாடகம்

தொலைக்காட்சிக்காரர் ஒரு தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள், கதாநாயகி கிணற்றடியில் அப்படியே நிற்கிறாள் என்று யாராவது என்னிடம் வந்து குமுறினால் நான் அனுதாபம் காட்டுவதில்லை. நீங்கள் அவளுடைய முகத்தையாவது பார்த்தீர்கள். எங்களுக்குக் கிடைத்தது வெறும் குரல். அந்தக் குரலையும் குளிக்கிற சவர்க்காரம் செய்கிற ஒரு கம்பனி நிறுத்தியது. அதற்குள் என் கலியாணப் பேச்சும் போய் மாட்டிக்கொண்டது.

எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலையில், கடல் தெரியாத ஆனால் கப்பல் சத்தம் தாராளமாகக் கேட்கிற ஒரு தெருவில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா காலமாகிவிட்டார். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வானொலியில் ஒரு தொடர் நாடகம் வரும். பட்டணத்தில் வேலை செய்கிற நேர்ஸ் ஒருத்தி. தூரத்துக் கிராமத்திலிருந்து ஒருவன் அவளைப் பெண் கேட்கிறான். வேலையை விட்டுவிட்டுப் போவதா, மாட்டேன் என்பதா என்று அவள் வாராவாரம் யோசிப்பாள். கதை அவ்வளவுதான். அந்த யோசனையைக் கேட்கத் தெருவில் பாதி எங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கும். சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருபவர்கூட அந்த நேரம் பார்த்து எங்கள் படலையில்தான் நிற்பார். நேர்ஸ் வாயைத் திறக்கிற நேரமாகப் பார்த்துக் கப்பல் ஒன்று ஊதும். அம்மா அந்தக் கப்பலில் உள்ள அத்தனை பேரையும் திட்டித் தீர்ப்பார்.

அந்த நேரத்தில்தான் எனக்கும் ஒரு சம்பந்தம் வந்தது. ஈச்சிலம்பற்றுப் பக்கம், வயல்காரக் குடும்பம். அவரை நான் ஒருமுறை வெருகல் கோயில் திருவிழாவில் கண்டிருக்கிறேன். தாயாருடன் நின்று கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். கோதுகளை நிலத்தில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் கச்சான் கோதுக்காக வேலையை விட்டுவிட்டு, படகில் துறை கடந்து, பஸ் மாறி ஈச்சிலம்பற்றுக்குப் போய்க் குடியிருக்க முடியுமா? யோசனையாக இருந்தது. அம்மா நெருக்கிய ஒரு நாள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"நாடகம் முடியட்டும் அம்மா. அந்த நேர்ஸ் என்ன செய்யிறாள் எண்டு பாத்திட்டு நானும் சொல்லுறன்."

நான் பகிடிக்குத்தான் சொன்னேன். அம்மா அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டார். நேர்ஸ் கட்டாயம் ஓம், சம்மதம் என்றுதான் சொல்லுவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வேறு தாய்மாராக இருந்தால் பிள்ளைக்குக் கிரகம் சரியில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பார்கள். எங்கள் அம்மா கலியாணத் தரகரைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லி அனுப்பினார். அவரும் அதைக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் அப்படியே ஒப்புவித்தார். விளைவு, வானொலிப் பெட்டி இல்லாத அந்த வீட்டார் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து நாடகம் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு முழுக் குடும்பமே தன் மகனின் தலைவிதியைச் சவர்க்கார விளம்பரத்துக்கு நடுவில் தேடிக்கொண்டிருந்தது. இதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நாடகம் இழுபட இழுபட எனக்கு ஆதாயம். ஒருவழியாக நேர்ஸ் பெட்டியோடு பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டாள். அவன் ஊர் பஸ் வந்து நிற்கிறது. கொண்டக்டர் "ஏறுறீங்களா அம்மா?" என்று கேட்கிறான். அவள் "நான்..." என்கிறாள். இசை. அடுத்த வாரம் சந்திப்போம்.

அடுத்த வாரம் அந்த நேரத்துக்குச் சினிமாப் பாட்டுப் போட்டார்கள். அதற்கடுத்த வாரமும் பாட்டு. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு வானொலிப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். அம்மாவின் பெட்டி என்பதால் தப்பியது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் மீன்காரர்.

"நாடகத்தைப் போட்டது சவர்க்காரக் கம்பனி. இந்தத் தெருவிலை ஆராவது அந்தச் சவர்க்காரம் போட்டுக் குளிக்கிறனீங்களோ?"

ஓசியில் நாடகத்தைக் கேட்டுவிட்டு வேறு கம்பனிச் சவர்க்காரத்தால் முதுகு தேய்த்துக்கொண்டிருந்த தெரு அது. குற்ற உணர்ச்சி ஆளைப் பிடித்து உலுப்பியது. தெருமுனையில் கடை வைத்திருந்த கிண்ணியா முஸ்லிம் அண்ணரிடம், தெருவில் எல்லாருக்கும் அவர் காக்கா, ஓடினோம். விற்காமல் தூசி பிடித்துக் கிடந்த பெட்டிகள் காலியாயின. எல்லாரும் அதே வாசத்தோடு திரிந்தோம். அம்மா அந்தச் சவர்க்காரத்தாலேயே துணி தோய்த்தார், குசினியில் சட்டி கழுவினார், கதிரைகளையும் விடவில்லை. மேலுறைகளைச் சேர்த்துக் கம்பனிக்கு அனுப்பி நாடகத்தைத் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்பதாகத் திட்டம். அதில்தான் இழுபறி. மேலுறையை அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவில் வாசத்துக்கு வைப்பது எங்கள் பெண்களின் வழக்கம். சவர்க்காரத்தைக் கேட்டால் தருவார்கள், மேலுறையைக் கேட்டால் முகம் மாறும். வீடு வீடாகப் போய்க் கெஞ்சி வாங்கி, மனுவை நானே அலுவலக மெஷினில் அடித்தேன். பதில் வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தோம். ஈச்சிலம்பற்றுக்குச் சொல்ல வேண்டிய பதில் என் நினைவுக்கே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. நேர்ஸ் முதலில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் கம்பனியின் விற்பனை ஏஜன்ட் வான் வண்டியில் காக்காவின் கடைக்கு வந்தார். காக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட, நான் போட்டது போட்டபடி ஓடினேன்.

"தங்கச்சி, இவர் சொல்ற கதையக் கேளுங்க" என்றார் காக்கா.

ஏஜன்ட் நல்ல மனிதர். மறைக்காமல் சொன்னார். சவர்க்காரம் செய்கிற சாமான் வெளிநாட்டிலிருந்து சரியாக வருவதில்லை. செய்கிற கொஞ்சமும் மற்ற ஊர்களில் கடைக்கு வந்து இறங்க முன்னமே போய்விடுகிறது.

"விளம்பரம் எண்டது விக்காத சாமானுக்குத்தானே தங்கச்சி? தானா விக்கிற சாமானுக்கு நாடகம் என்னத்துக்கு?" என்றார். "உங்கட தெருவைப் பற்றி எங்கட கந்தோரிலை பெரிய கதை. நாடகம் நிண்ட பிறகுதான் இஞ்சை கூட விக்குதாம். பெரியவருக்குச் சரியான சந்தோசம்."

காக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் சவர்க்காரம் இல்லாத தட்டுகளைப் பார்த்தேன். நாடகத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அது தேவையில்லை என்பதற்கு நாங்களே சாட்சி சொல்லியிருக்கிறோம்.

"அந்த நேர்ஸ் கடைசியிலை என்ன செய்யிறாளாம்?" என்று கேட்டேன்.

"எழுதினவருக்கே தெரியாதாம். நிப்பாட்டச் சொன்னோடனை, தப்பினன் எண்டு போனவராம்."

வீட்டுக்கு நடந்து வந்தபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முடிவு தெரியாத ஒரு மனிதரின் வாயையா இவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருந்தேன்? பஸ் என்ன, துறை என்ன, போகிறவர்கள் போகத்தானே செய்கிறார்கள். அந்தப் பக்கமும் தட்டச்சுக்கு ஆள் தேடுகிற ஏதாவது கந்தோர் இருக்கும். அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. இது ஒன்றும் புதிதாகத் தெரிந்த விஷயமில்லை. குசினியில் நின்ற அம்மாவிடம் போனேன்.

"அம்மா, தரகரை வரச் சொல்லுங்கோ. நான் ஓம்."

அம்மா கையைத் துடைக்காமலே என் கன்னத்தைப் பிடித்தார்.

தரகர் மறுநாள் வந்தார். கதிரையைக் காட்டினோம், இருக்கவில்லை. குடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"அந்தப் பொடியனுக்கு வெருகலிலை ஒரு இடத்திலை கலியாண எழுத்தும் முடிஞ்சுது, அக்கா" என்று அம்மாவிடம் சொன்னார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எங்களுக்கு ஒரு சொல் சொல்லாமலோ? காரணம் என்னவாம்?"

தரகர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நாடகம் முடிஞ்சாப் பிறகு சொல்லுறன் எண்டுதானே பிள்ளை சொன்னனீங்கள். அண்டைக்குப் பாட்டுப் போட்டோடனை, நாடகம் முடிஞ்சுதெண்டு அவையள் நினைச்சிட்டினம். இண்டைக்குச் சொல் வரும், நாளைக்கு வரும் எண்டு பொடியன் பாத்துக்கொண்டிருந்தவர். வரேல்லை. போய்க் கேட்டுக்கொண்டு வாறன் எண்டு நான்தான் சொன்னனான். அவர்தான் மறிச்சவர். 'வேண்டாம், அவவுக்கு விருப்பமில்லைப் போலை. முகத்துக்கு நேரை இல்லையெண்டு சொல்ல வைச்சு அவவைக் கஷ்டப்படுத்தக் கூடாது' எண்டிட்டார்."

கச்சான் கோதுகளைச் சட்டைப் பையில் போட்டவர் அப்படிச் சொல்லக்கூடிய ஆள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஓம் என்று சொல்லியிருந்தேன்.