வீட்டுக்காரரை ஃபோரத்தில் பிடித்தேன்

காலையில் வீட்டுக்காரர் கடலூருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்.

"ஏங்க, லேப்டாப்ல எழுதுன நோட்ஸ் எதுவும் போன்ல வரல. மத்தியானம் கிளாஸ் இருக்கு, கொஞ்சம் பாருங்களேன்" என்றேன்.

"எத்தினி தடவ சொல்லிக் குடுக்கிறது? சாயங்காலம் வந்து பாக்குறேன்" என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

அந்த நோட்ஸ் ஆப்புக்கு ஒரு ஃபோரம் உண்டு. அங்கே ஊர் உலகத்தின் சந்தேகங்களுக்கெல்லாம் பதில் சொல்பவர் இதே மனிதர்தான். நானும் வேறு பெயரில் உள்ளே போய்க் கேட்டேன்.

பஸ் சிதம்பரத்தைத் தாண்டியிருக்காது, பதில் வந்துவிட்டது.

"கவலைப்படாதீர்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள், அதற்குத்தானே இருக்கிறோம்."

கல்யாணமாகி இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை!

"போனில் வேறு யாருடைய மெயில் ஐடியோ இருக்கலாம். செட்டிங்ஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு மட்டும் அனுப்புங்கள்" என்றார். அனுப்பினேன்.

அதில் இருந்தது அவருடைய ஐடி. போன் வாங்கிய அன்று அவரே போட்டுக் கொடுத்தது.

அடுத்த நிமிஷமே போன் அடித்தது.

"ஏய் ஸ்டெல்லா... நீயா?"

"ஆமாங்க சார். ரொம்பப் பொறுமையா சொல்லிக் குடுத்தீங்க, தேங்க்ஸ்."

பஸ் இரைச்சலையும் மீறி அவர் சிரித்தது கேட்டது. ஐடியை மாற்றினேன், நோட்ஸ் வந்தது, கிளாஸும் நன்றாகவே போனது.

வீட்டில் சமையலறைக் குழாய் ரொம்ப நாளாக ஒழுகுகிறது. அதற்கு இவர் எந்த ஃபோரத்தில் பதில் சொல்கிறார் என்று தெரிந்தவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள்.